சீக்கிரம் ஆரம்பித்த கரேம்

தீவின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊர் சுயாக்கில் புதிதாக ஒரு பெரிய கடை திறந்திருக்கிறார்கள். கவுண்டர் என்ற பேச்சே இல்லை. கூடையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு வாசலில் காசைக் கட்டிவிட்டு வரவேண்டியதுதான். இடுப்பெலும்பு தேய்கிற வரை கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். அது ஒழிந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? ஒரு காலையில் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெறுங்கையோடு வந்தால் நன்றாக இருக்காதே என்று ஒரு தேயிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

காவடிக்கு முந்தின வாரம் அது. எனக்கு முன்னால் கையில் காப்புக் கட்டிய ஓர் அம்மாள். அவளுக்கு முன்னால் போனவர் கோழி வாங்கியிருந்தார். பையிலிருந்து வடிந்த தண்ணீர் மேசையில் கோடு போட்டிருந்தது. அந்த அம்மாள் பருப்புப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கீழே வைக்கவும் இல்லை, வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. கல்லாவில் இருந்த பெண் இவளுக்கு என்ன வந்தது என்று பார்த்தாள். நான்தான் கைக்குட்டையை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு, "கரேம்" என்றேன். பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என் முறை வந்தபோது, "தோந்தோன், நீங்க காலமெல்லாம் ஆஃபோங் கடையில நின்னவராமே. ஒரே தராசுல கருவாடும் பருப்பும் நிறுத்த காலத்துல கரேம்காரங்களை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் வயதான ஆண்களை எல்லாம் தோந்தோன் என்றுதான் கூப்பிடுவார்கள். வரிசை நீளமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சொல்கிறேன் என்றேன். கல்லாவில் உட்காரும் தோழிகளையும் சேர்த்துக்கொண்டு உண்மையாகவே வந்துவிட்டாள். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைத்தான், விட்டதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

கரேம் என்ற சொல்லை முதலில் சொல்லிவிட வேண்டும். கிரியோல் பேச்சில் அது விரதம். மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் ஈஸ்டருக்கு முன்னால் இறைச்சியை ஒதுக்கும் தவக்காலமும் கரேம். நாங்கள் காவடிக்கு மீன், முட்டைகூடத் தொடாமல் இருப்பதும் கரேம். எங்களுடையது முடிந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் அவர்களுடையது ஆரம்பிக்கும். இந்த நாட்டுத் தமிழர் வீடுகளில் கிரியோல்தான் பேச்சு. தமிழ் எனக்குக் கோவில் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது, அதையும் பிரம்பைக் காட்டித்தான் ஊட்டினார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் யார் பேசினாலும், அவர்கள் கிரியோலில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புத் தோட்டத்து ஜனம் வேலையை நிறுத்தித் தெருவில் வந்து நின்ற வருஷத்தில் நான் கடையில் சேர்ந்தேன். அப்பாவும் தோட்டத்தில்தான் இருந்தார். வீட்டில் ஒருத்தனாவது கூரைக்குக் கீழே நின்று பிழைக்கட்டும் என்று என்னைக் கொண்டுவந்து ஆஃபோங்கிடம் விட்டார். முதல் வருஷம் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டக் கற்றேன். அடுத்த வருஷம் அந்தக் கூம்பு வழியில் பிரிந்துவிடாமல் சுருட்டக் கற்றேன். பிறகு எண்ணெய் சிந்தாமல் அளக்க, மூட்டையை முதுகு பிடிக்காமல் தூக்க, ரம் குடிக்க வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்காமல் இருக்க. கடைசியில் சொன்னதைக் கற்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கடை முதலாளி மிஸ்யே ஆஃபோங் சீனாவிலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். குள்ளமான மனிதர். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொள்வார். கடைக்குப் பின்கட்டில்தான் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். அந்த அம்மாள் பன்றி இறைச்சியில் சொசேஜ் செய்து கொடியில் உலர்த்துவாள், ஊரே அதற்கு அடிமை. ஆஃபோங் சுவரில் தன் ஊர்ச் சாமி படமும், ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட பிறகு மாதா படமும் மாட்டியிருந்தார். இரண்டுக்கும் ஒரே பூவைப் பாதியாகக் கிள்ளி வைப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அவர் கடைக்கு ஒரே ஒரு சட்டம். ஒருத்தர் வாங்கினதை இன்னொருத்தர் தெரிந்துகொள்ளக் கூடாது. எல்லாச் சாமானும் ஒரே பழுப்புக் காகிதத்தில்தான் மடிக்கப்படும். "எதிர் வீட்டுல இன்னிக்கு என்ன வாங்கினாங்க மிஸ்யே?" என்று யாராவது நைசாகக் கேட்டால், "பா கொன்னே" என்பார். தெரியாது என்று அர்த்தம். அப்போதுதான் அந்தக் கையால் மடித்துக் கொடுத்திருப்பார். நான் சேர்ந்த புதிதில், ஒரு பெண்பிள்ளையிடம், உங்க வீட்டுக்காரர் நேத்து வாசனைச் சோப்பு வாங்கிட்டுப் போனாரே, நல்லா இருந்துதா என்று விசாரித்துவிட்டேன். சோப்பு அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. அன்று சாயங்காலம் வரை என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்துக் காகிதம் சுருட்டச் சொன்னார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

யுத்தத்தில் அரிசிக் கப்பல் நின்றுபோனபோதுதான் அந்தச் சட்டம் எதற்கு என்று புரிந்தது. மரவள்ளியும் சோளமும்தான் சாப்பாடு. அதுவரை மாட்டுக்குப் போட்டதை வாங்க ஜனத்துக்குக் கூச்சம். ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படாமல் வருவார்கள். ஆஃபோங் எல்லாருக்கும் அதே பழுப்புக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவர் மனைவி சோள மாவை ஆவியில் வேகவைத்துக் கொண்டுவந்து கவுண்டரிலேயே நின்று எல்லார் முன்னாலும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஜனம் வாய்விட்டே சோளம் கேட்டது.

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கவுண்டரின் ஒரு முனையில் கருவாடு தொங்கும், மறுமுனையில் தானியம். நடுவில் ஒற்றைத் தராசு. கருவாட்டு வாசனை பித்தளைத் தட்டில் ஏறினால் இறங்காது. அதனால் ஆஃபோங் கரேம்காரர்களுக்கென்று நீல விளிம்பு போட்ட ஒரு வெள்ளை எனாமல் தட்டு வாங்கி, தனி ஆணியில் துணி போட்டு மூடி மாட்டியிருந்தார். அந்தத் தட்டின் எடைக்குச் சரியாக ஓர் இரும்பு வளையம் உண்டு. வருகிறவர்கள் கூட்டத்தில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. "கரேம்" என்று மெல்லச் சொன்னால் போதும். அதையும் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் கழுவின செம்பைக் கொண்டுவந்து கவுண்டரில் கவிழ்த்து வைப்பார்கள். உடனே நான் பின்கட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி, கவுண்டரைச் சுடுதண்ணீரால் துடைத்து, தட்டைத் தராசில் வைத்து, எதிர்ப்பக்கம் வளையத்தைப் போட்டு, புதிதாகப் பிரித்த மூட்டையிலிருந்து தனி அகப்பையால் அள்ளுவேன். ஆஃபோங் தட்டைத் தொடமாட்டார். "என் கை சொசேஜ் தொட்ட கை. நீ எடு" என்பார். அவரை யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை.

முன்கதை போதும். ரோஸ்லின் விஷயத்துக்கு வருகிறேன்.

ரோஸ்லின் பாம்ப்ளமூஸ் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பெண். பிறந்த பெயர் செல்லம்மா. எங்கள் ஊரில் மீன் பிடிக்கும் அந்துவானைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் வாங்கி ரோஸ்லின் ஆனாள். ஜோஜோ என்று ஒரு மகன் பிறந்தான். சுயாக் கடல் பொல்லாதது, அலையைத் தடுக்கப் பாறைத்திட்டு கிடையாது. ஒருநாள் போன அந்துவான் திரும்பி வரவில்லை. பிறகு ரோஸ்லினும் பிள்ளையும் அவள் மாமியார் மதாம் பிலோமென் வீட்டில் இருந்தார்கள்.

மதாம் பிலோமென் மாதா கோவிலின் பலிபீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள். பூசைக்கு முதல் வரிசை. அவள் தெருவில் வந்தால் ரம் பக்கம் நிற்கிறவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றுவார்கள். அவளுடைய குடும்பப் பெயருக்கு ஒரு 'சாமி' வால் உண்டு. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் அவர்களும் தமிழர்கள்தான் என்று தெருவுக்கே தெரியும், அவள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. நான் ஒருதரம், "நாம ஒரே வேர்தானே மதாம்" என்று விளையாட்டாகச் சொல்லப்போய், அவள் கையிலிருந்த கருவாட்டாலேயே அடிவாங்க இருந்தேன்.

யுத்தம் முடிகிற சமயம் தீவு முழுக்கக் குழந்தைகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பிழைத்த பிள்ளைகளில் பலருக்குக் கால் போயிற்று. ஜோஜோவுக்கும் வந்தது. பிலோமென் மாதா முன்னால் மெழுகுவர்த்தியாக ஏற்றித் தள்ளினாள். பிள்ளை பிழைத்தான், ஒரு கால் மட்டும் சூம்பிப்போயிற்று. அவன் தடியை ஊன்றி நிற்கப் பழகியதும் பிலோமென் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க, மாதா கொடுத்த பிள்ளை என்று காட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த தை மாதம். முருகன் கோவிலில் காவடிக்குக் கொடி ஏறிய அன்று கடையில் நல்ல கூட்டம். ரோஸ்லின் வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மதாம் செலஸ்த். தெருவில் ஒரு செய்தி பரவ வேண்டும் என்றால் இவள் காதில் விழுந்தால் போதும். ரோஸ்லின் கவுண்டர்மேல் குனிந்து, "கருப்புப் பருப்பு... கரேம்" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாதா கோவில் பெண் கரேம் என்கிறாளே, அவர்கள் கரேமுக்கு நாள் இருக்கிறதே என்று நிற்கிறேன். அதே சந்தேகம் செலஸ்துக்கும் வந்துவிட்டது.

"கரேமா? ஈஸ்டர் எங்கேயோ இருக்கு, இப்பவே என்ன கரேம்?" என்றாள் கடை முழுக்கக் கேட்கும்படி.

ரோஸ்லின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆஃபோங் என்னைப் பார்க்காமலே, "வெள்ளைத் தட்டு" என்றார். பிறகு செலஸ்த் பக்கம் திரும்பி, "பா கொன்னே" என்றார். அதோடு நிறுத்துகிற மனிதர் அன்று இன்னும் கொஞ்சம் பேசினார். "சீக்கிரம் ஆரம்பிக்குது. நல்ல கிறிஸ்தவச்சி."

நான் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது ரோஸ்லினும் பின்னாலேயே வந்துவிட்டாள். ஆஃபோங்கும் வந்தார். "காய்ச்சல்ல அவன் கண்ணு செருகினப்போ என் வாயில செல்லம்மாதான் பேசினா மிஸ்யே," என்றாள். "முருகா, பிள்ளையைக் குடு, பால்குடம் எடுக்கறேன்னு சொல்லிட்டேன். விட்டுட்டா அவனுக்கு மறுபடி ஏதாவது ஆயிடுமோன்னு ராத்திரி தூக்கமே வரலை. எடுத்தா, மாமிக்குத் தெரிஞ்சா, பிள்ளையை வச்சிக்கிட்டு என்னை வெளியே தள்ளிடுவாங்க. அவங்க சோறு, அவங்க கூரை. எனக்குப் போக்கிடம் கிடையாது."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வந்திருக்கும். ஆஃபோங் கொடியில் தொங்கிய சொசேஜை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டார். "பால் இங்கே வந்து இறங்கட்டும். சேலையைப் பின்கட்டுல மாத்திக்கோ. மத்தது எனக்குத் தெரியாது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்து இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ரோஸ்லின் ஈஸ்டர் கரேமை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டாள், மீன்கூடத் தொடுவதில்லையாம் என்று செலஸ்த் தெருத்தெருவாகச் சொன்னாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், இருக்காதா என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு நான் என்ன சளைத்தவளா என்று செலஸ்தும் ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். ஆஃபோங் மனைவியின் சொசேஜ் கொடியிலேயே கிடந்து காய்ந்தது. அந்த அம்மாள் என்னைத்தான் முறைத்தாள், என்னவோ நான்தான் மதம் பரப்பினது மாதிரி.

சிரிப்பு எல்லாம் மதாம் பிலோமென் கடைக்குள் வரும்வரைதான். செலஸ்த் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மருமகள், என்ன பக்தி. கரேமை எப்பவோ ஆரம்பிச்சுட்டாளே" என்றாள். பிலோமென் செலஸ்தைப் பார்த்தாள். ஆஃபோங்கைப் பார்த்தாள். துணி மூடின வெள்ளைத் தட்டை ஒரு கணம் பார்த்தாள்.

"ஆமாம். எங்க வீட்டுல கரேம் சீக்கிரம் ஆரம்பிக்கிறது வழக்கம்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு மீன் போடு, வேலு. கரேம்னா மீன் சாப்பிடலாம். அந்தப் பெரிய துண்டு."

பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டேன். அன்று முதல் அவள் தினமும் வந்தாள். தினமும் எல்லார் முன்னாலும் கருவாடு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் கருவாடு கொதிக்கும் சட்டிக்குப் பக்கத்தில் ரோஸ்லின் எப்படி விரதத்தைக் காப்பாற்றுவாள் என்று எனக்கு ஒரே கவலை. கேட்டேன்.

"கடவுளாப் பார்த்து மாமிக்குப் பல்வலியைக் குடுத்திருக்கார்," என்றாள் அவள். "கருவாடு கடிக்க முடியலையாம். கீரை, பூசணிதான் சமைக்கிறாங்க. சட்டியைக்கூடப் புதுசு மாத்திட்டாங்க, பழசு ஓட்டையாம்."

முருகன் செயல் என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் கடையில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. நான் வெட்டிக் கொடுத்த கருவாட்டுத் துண்டு மறுநாள் காலையில் அதே ஆணியில் தொங்குகிறது. என் கத்தி கோணலாகத்தான் வெட்டும், அதனால் என் வெட்டு எனக்குத் தெரியாமல் போகாது. ஆஃபோங்கிடம் சொன்னேன். "பா கொன்னே" என்றார். எனக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

காவடியன்று விடிகிற நேரத்தில் ரோஸ்லின் பின்வாசல் வழியாக வந்தாள். பாம்ப்ளமூஸில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பிள்ளையை விட்டு வந்திருந்தாள். பால் வந்து இறங்கியிருந்தது. ஆஃபோங் மனைவி அவளுக்கு மஞ்சள் சேலை கட்ட உதவிக்கொண்டிருந்தாள், இருவரில் யாருக்கும் மடிப்பு வரவில்லை. ரோஸ்லின் பாலுக்காக ஓர் அலுமினியக் குவளை கொண்டுவந்திருந்தாள். வேறு பாத்திரத்தை எடுத்தால் மாமி கண்டுபிடித்துவிடுவாளாம்.

அப்போது முன்கதவைத் தட்டினார்கள். பாதிக் கதவைத் திறந்தால், இடுப்பில் ஜோஜோவோடு மதாம் பிலோமென்.

"கடை இன்னும் திறக்கலை மதாம்," என்றேன் கதவை அடைத்து நின்றுகொண்டு. "அரிசி மூட்டையில எலி. மிஸ்யேவுக்குக் காய்ச்சல். உள்ளே ஒரே புகை." வாய்க்கு வந்ததை எல்லாம் அடுக்கினேன்.

"நகரு," என்றாள்.

நகர்ந்தேன். அவளைத் தடுக்க எந்த ஆண்பிள்ளையாலும் முடியாது. நேரே கவுண்டருக்குப் போய், பிள்ளையை அதன்மேல் உட்காரவைத்தாள். சால்வைக்குள்ளிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பித்தளைச் செம்பு. பளபளவென்று தேய்த்திருந்தது. அதை வெள்ளைத் தட்டின் ஆணிக்கு நேர் கீழே கவிழ்த்து வைத்தாள்.

"அலுமினியக் குவளையைத் தூக்கிட்டுப் போயிருக்கா," என்றாள் ஆஃபோங்கிடம். "முருகனுக்கு அலுமினியத்துலயா பால்? இது எங்க அம்மாவோடது. பின்னால குடு. கடைச் செம்புன்னு சொல்லு."

முருகன் என்ற பெயரில் வரும் 'ரு'வைப் பிரெஞ்சுக்காரி மாதிரித் தொண்டையில் உருட்டிச் சொன்னாள். அப்புறம்தான் ஆணியில் தொங்கிய கருவாடு மெதுவாக என் மண்டைக்குள் ஏறியது. காலையில் எல்லார் முன்னாலும் வாங்கிக்கொண்டு போனதை இவள் சாயங்காலம் பின்வாசலில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஆஃபோங்குக்கு மருமகள் ரகசியமும் தெரியும், மாமியார் ரகசியமும் தெரியும். ஒருத்தர் வாங்கினதை இன்னொருத்தருக்குச் சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

"அப்போ பல்வலி?" என்றேன்.

"வாயில இருக்கிறதே நாலு பல்லு. அதுல எது வலிக்கப்போகுது?"

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே மதாம். பயந்து சாகறா."

பிலோமென் பிள்ளையின் சூம்பின காலைத் தடவிக்கொண்டே பேசினாள். "சொன்னா, நாளைக்குப் பாதிரியார் என்னைக் கேட்டா நான் பொய் சொல்லணும். பலிபீடத் துணி துவைக்கிற கை இது. இப்போ கேட்டா, எனக்கு யாரும் சொல்லலைன்னு சத்தியமே பண்ணுவேன்." பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "மெழுகுவர்த்திக்கு வந்தானோ, பாலுக்கு வந்தானோ, யாருக்குத் தெரியும்? ரெண்டு பக்கமும் சொன்ன சொல்லைக் காப்பாத்திடணும்."

"பா கொன்னே" என்றார் ஆஃபோங். செம்பை அவர் தொடவில்லை. என்னைப் பார்த்தார், நான் கை கழுவிக்கொண்டு வந்து எடுத்துப் போனேன். கடைச் செம்பு என்று சொன்னேன். ரோஸ்லின் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஊர்வலம் எங்கள் கடை வழியாகத்தான் கோவிலுக்குப் போகும். பிலோமென் பாதிக் கதவுக்குப் பின்னால் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தலையில் செம்போடு ரோஸ்லின் வந்தாள். ஜோஜோ, "மமா!" என்று கத்தப்போனான். ஆஃபோங் ஜாடியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவன் வாயில் திணித்தார். செம்பு எங்களைக் கடந்து போகும்போது மதாம் பிலோமென் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

வேண்டுதல் ஒரு வருஷத்துக்குத்தான். ரோஸ்லின் அதை வருஷா வருஷம் செய்தாள். பால் எடுத்துவிட்டுக் கடைச் செம்பைக் கடையிலேயே கொண்டுவந்து வைப்பாள். அது வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஒவ்வொரு தையிலும் கொடி ஏறுவதற்கு முன்னால் பிலோமென் பின்வாசலில் வந்து உட்கார்ந்து, புளி போட்டு அதைத் தேய்த்துவிட்டுப் போவாள். பிறகு ரோஸ்லின் வந்து, "உங்க வீட்டம்மா எப்படித்தான் இப்படித் தேய்க்கிறாங்களோ மிஸ்யே" என்பாள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரண்டு பேரும் என்னிடம் வந்து அவரவர் ரகசியத்தைப் பேசுவார்கள். என்னைப் போன்ற வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஆனாலும் ஒரு வார்த்தை விடவில்லை. நான் தொழில் கற்றுக்கொண்டேன் என்றால் அந்த வருஷங்களில்தான் கற்றேன்.

நாடு சுதந்திரம் அடைகிற வருஷம் வந்தது. புதுக் கொடியைப் பற்றிச் சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குப் பயம். மாதா கோவில் குடும்பங்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஜோஜோ தடி ஊன்றி நடக்கிற, கைநேர்த்தியான கடிகாரக்காரன் ஆகியிருந்தான். அவனுக்கும் அங்கே வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மதாம் பிலோமென் அதற்கு முந்தின குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டாள். ஆஃபோங் பலகைமேல் ஏறி நிற்பதை விட்டுவிட்டு, கவுண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கோவிலில் கொடி ஏற இரண்டு நாள் இருக்கும்போது ரோஸ்லின் விடைபெற்றுக்கொள்ள வந்தாள். காவடிக்கு முன்னாலேயே கப்பல். கடையில் ஆட்கள் நின்றார்கள், வயதான செலஸ்தும் இருந்தாள். "செம்பைக் கொஞ்சம் எடு வேலு" என்றாள் ரோஸ்லின். எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருஷக் களிம்பு ஏறி, பச்சை பூத்திருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. தேய்க்கக் கை வரவில்லை.

அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இந்த வருஷம் தேய்க்க ஆள் இல்லை, இல்லையா?" என்றாள்.

நான் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். "எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷமே. அன்னிக்குத் திரும்பி வந்து பிள்ளையை வாங்கினப்போ மாமி கையில புளி வாசனை. செம்புலயும் அதே வாசனை."

"இத்தனை வருஷம் கேக்கலையே."

"கேட்டா அவங்க பொய் சொல்லணுமே வேலு. அவங்களைப் போய்ப் பொய் சொல்ல வைக்கிறதா?"

பிறகு ஆஃபோங் நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "மிஸ்யே, இப்போ சொல்லலாம். என் மாமிதானே?"

ஆஃபோங் தராசைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார். "பா கொன்னே" என்றார். சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது.

ரோஸ்லின் எழுந்து கவுண்டருக்கு வந்தாள். "கொஞ்சம் புளி போடு, வேலு," என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "வெள்ளைத் தட்டுல. எங்க வீட்டுல கரேம் சீக்கிரம் ஆரம்பிக்கிறது வழக்கம்."

செலஸ்த் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, வாசற்படியில் ரோஸ்லின் உட்கார இடம் விட்டு ஒதுங்கினாள். நான் கை கழுவிவிட்டு வந்து புளி நிறுத்துக் கொடுத்தேன். மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பார்க்க, ரோஸ்லின் தெருவாசலில் உட்கார்ந்து மாமியாரின் செம்பைத் தேய்த்தாள். கழுவிக் கொண்டுவந்து கவுண்டரில் கவிழ்த்து வைத்தாள். ஈரம் வடிகிற வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.